எந்தக் கிளாஸில் ஓடுவது?

பட்டுக்கோட்டையிலிருந்து பேராவூரணி போகிற சாலையில், திருவிழா சீசனில் சுவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். காதணி விழா வாழ்த்துக்கும் சினிமா போஸ்டருக்கும் நடுவே ‘மாபெரும் மாட்டுவண்டி எல்கைப் பந்தயம்’ என்று ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கும். நாமெல்லாம் என்ன செய்வோம்? முதல் பரிசு எத்தனை ஆயிரம் என்று பார்ப்போம். விஷயம் தெரிந்த மாட்டுக்காரர் அதைக் கடைசியில்தான் பார்ப்பார். அவர் கண் முதலில் தேடுவது, எத்தனை பிரிவு என்பதை!

பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு... சில ஊர்களில் தேன்சிட்டு என்று இன்னொரு பிரிவும் உண்டு.

பெயர்களைக் கவனித்தீர்களா? முதல் இரண்டும் அளவைச் சொல்கிற பெயர்கள். மற்றதெல்லாம் பறவைகள். வயல்வெளியில் மாட்டு முதுகில் உட்கார்ந்து ஓசி சவாரி செய்யுமே, வால் பிளந்த கறுப்புக் குருவி, அதுதான் கரிச்சான். ஆள் சிறிசு. ஆனால் தன் கூட்டுப் பக்கம் வந்தால் பருந்தையே விரட்டி விரட்டிக் கொத்தும். சின்ன மாட்டுக்கு அந்தப் பெயரை வைத்தவர் யாரோ, பெரிய ரசிகராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

எல்கைப் பந்தயம் ரோட்டில் நடப்பது. ஒரு கோட்டிலிருந்து எல்லா ஜோடிகளும் கிளம்பி, குறித்த எல்கையைத் தொட்டுத் திரும்பி வரவேண்டும். (எல்லை என்பதுதான் இங்கே எல்கை.) வண்டி ஓட்டுகிறவருக்கு ‘சாரதி’ என்று பெயர். மகாபாரதத்துக்கு அப்புறம் அந்த வார்த்தை உயிரோடு இருக்கிற இடம் இந்தப் பந்தய ரோடுதான் போலிருக்கிறது! பெரிய மாட்டுக்கு தூரம் அதிகம். பிரிவு இறங்க இறங்க தூரமும் குறையும். ஒரே பிரிவில் ஜோடிகள் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டால், அதையும் இரண்டாகப் பிரித்து ஓடவிட்டு, இரண்டுக்கும் தனித்தனியாகப் பரிசு கொடுப்பார்கள்.

கோவை, உடுமலைப் பக்கம் நடக்கும் ரேக்ளாவில் முறை வேறு. அங்கே வண்டிகள் கூட்டமாக ஓடுவதில்லை. ஒவ்வொன்றாக ஓடவிட்டு நேரம் குறிப்பார்கள். காளையின் பல்லைப் பார்த்து வயசைக் கணித்து, இளசுக்கு 200 மீட்டர், வளர்ந்ததற்கு 300 மீட்டர். ஆக, ஊருக்கு ஊர் முறை மாறலாம். ஆனால், பிரிக்காமல் யாரும் ஓடவிடுவதில்லை.

ஏன் இந்தப் பாடு? எல்லா மாட்டையும் ஒரே கோட்டில் நிறுத்தி ‘ஓடு’ என்றால் வேலை சுலபமாக முடியுமே?

முடியும். பந்தயமும் சேர்ந்து முடிந்துவிடும்! முதல் வருஷம் லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய பெரிய ஜோடிகள் நாலைந்து ஜெயிக்கும். இரண்டாம் வருஷம் அதே ஆட்கள். மூன்றாம் வருஷம் சின்ன மாட்டுக்காரர்கள் வேடிக்கை பார்க்கக்கூட வரமாட்டார்கள். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற கடைமடைப் பகுதி பேராவூரணி. இங்கே கொஞ்சம் நிலத்தையும் ஒரு ஜோடி மாட்டையும் வைத்திருக்கிற ஆளுக்குப் பந்தயத்தில் இடம் இருக்கிறது என்றால், அதற்குக் காரணம் அந்தப் பிரிவுகள்தான். பணம் தாண்டி வரக்கூடாது என்று போட்ட வேலி அது.

(2014 மே மாதம் சுப்ரீம் கோர்ட் ஜல்லிக்கட்டோடு சேர்த்து மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது. 2017 மெரீனா போராட்டத்துக்குப் பிறகு தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களின் திருத்தங்களும் செல்லும் என்று 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தீர்ப்பு சொன்னது. மாட்டின் வலி பற்றிய கேள்வி தீர்ப்போடு தீர்ந்துவிடாது. அது தனிக் கதை, இன்னொரு வாரம் பேச வேண்டியது.)

இந்த வாரம் நாம் பேசப்போவது கார். ‘எனக்கும் ரேஸ் ஓட்டணும் சார்’ என்று ஆசைப்படும் இளைஞர் எவரும் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி, பேராவூரணி மாட்டுக்காரரின் அதே கேள்விதான். எந்தப் பிரிவில்? ரேஸ்காரர்கள் பாஷையில், எந்தக் கிளாஸில்?

2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி மூன்றாம் இடம் பிடித்ததைத் தமிழ்நாடே கொண்டாடியது நினைவிருக்கும். ‘மொத்தத்தில் மூன்றாவதா?’ என்று பலர் குழம்பினார்கள். இல்லை, அந்தக் காருக்கு உரிய கிளாஸில் மூன்றாவது. இதில் குறைத்துச் சொல்ல எதுவும் கிடையாது. அந்த மாதிரிப் பந்தயங்களில் ஒரே டிராக்கில், ஒரே நேரத்தில், பல கிளாஸ் கார்கள் கலந்து ஓடும். பெரிய மாடும் கரிச்சானும் ஒன்றாக ஓடுவது போல! கணக்கு மட்டும் தனித்தனி. உங்கள் எதிரி உங்களைத் தாண்டிப் பறக்கிற ராட்சசக் கார் அல்ல. பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருகிற, உங்கள் கிளாஸ் கார்தான்.

இந்த ஏற்பாடு எங்கே ஆரம்பித்தது? அதற்கு நாம் கொஞ்சம் பின்னோக்கிப் பயணம் செய்ய வேண்டும்.

கார் பந்தயமும் ஆரம்பத்தில் ஊர் ரோட்டில்தான் நடந்தது. டிராக் எல்லாம் பின்னால் வந்தது. பாரிஸிலிருந்து கிளம்பி இன்னொரு நகரத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் விதி. பெரிய என்ஜின் வைத்தவன் ஜெயிப்பான். அடுத்த வருஷம் அதைவிடப் பெரிய என்ஜின். இப்படியே போனால் ரயில் என்ஜினையே கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தில், எடைக்கு ஒரு வரம்பு கட்டினார்கள். 1902-ல் கனமான கார் என்றால் 650-லிருந்து 1,000 கிலோ வரை. அதற்கு மேல் கூடாது. இலகு கார் என்றால் 400-லிருந்து 650 கிலோ. அதற்கும் கீழே ‘வாட்யூரெட்’ என்று குட்டிக் கார்கள். பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான்... வந்துவிட்டதா!

அந்த வருஷம் ஜூன் மாதம் பாரிஸ்-வியன்னா பந்தயம். ஒரு பக்கம் பான்ஹார்ட், மோர்ஸ் என்று பெரிய கம்பெனிகளின் ராட்சசக் கார்கள். அவற்றில் சிலவற்றின் என்ஜின் 13 லிட்டருக்கும் மேல்! (இன்று நம் வீட்டு வாசலில் நிற்கிற காரில் இருப்பது ஒன்று, ஒன்றரை லிட்டர்.) இன்னொரு பக்கம், ரெனோ என்ற புதுக் கம்பெனியின் இலகு கார். என்ஜின் நாலு லிட்டருக்கும் குறைவு. ஓட்டியவர், கம்பெனியைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவரான மார்செல் ரெனோ.

சமவெளியில் ராட்சசர்கள் பறந்தார்கள். நடுவில் வந்தது ஆல்ப்ஸ் மலை. ஆர்ல்பெர்க் கணவாயின் ஏற்றத்திலும் இறக்கத்திலும் கனத்த கார்கள் திணற, ரெனோவின் சின்னக் கார் வளைந்து வளைந்து ஏறி இறங்கியது. வியன்னாவில் கணக்குப் பார்த்தபோது, தன் கிளாஸில் மட்டுமல்ல, மொத்தப் போட்டியிலும் மார்செல்தான் முதல்! சராசரி வேகம் மணிக்கு சுமார் 62 கிலோ மீட்டர். பெரிய கார் கிளாஸின் முதல்வன் அவருக்குப் பின்னால்தான் வரமுடிந்தது. கரிச்சான் பருந்தைக் கொத்திவிட்டது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

1903 மே 24. பாரிஸ்-மாட்ரிட் பந்தயம். பெரிய கம்பெனிகள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தன. 1,000 கிலோதானே வரம்பு? சரி, என்ஜினைப் பெரிதாக்கு, மற்ற எல்லாவற்றையும் இளைக்க வை! சட்டங்களில் துளை போட்டு எடையைக் குறைத்தார்கள். பூதாகரமான என்ஜின், அதைத் தாங்குவதற்கு மெலிந்த எலும்புக்கூடு. வேகம் மணிக்கு 140 கிலோ மீட்டரைத் தொட்டது. பிரேக் பேருக்குத்தான். சாலை ஓரத்தில் லட்சக்கணக்கான ஜனம். கண்ணை மறைக்கும் புழுதி. ஓட்டியவர்கள், உடன் சென்ற மெக்கானிக்குகள், வேடிக்கை பார்த்தவர்கள் என்று பலர் செத்தார்கள். அவர்களில் ஒருவர், முந்தைய வருஷத்து ஹீரோ மார்செல் ரெனோ. பந்தயம் பாதி வழியில், போர்தோ நகரத்திலேயே நிறுத்தப்பட்டது. கார்களை ஓட்டிக்கொண்டு போகவும் அனுமதியில்லை. குதிரைகளைப் பூட்டி ரயில் நிலையத்துக்கு இழுத்துப் போனார்கள் என்கிறார்கள்.

இந்த இரண்டு வருஷக் கதைக்குள், பின்னால் வந்த நூறு வருஷ ரேஸ் சரித்திரம் அப்படியே அடங்கிவிடுகிறது. சின்னவனுக்கு இடம் கொடுக்க வேலி போடுவார்கள். வேலியில் எங்கே ஓட்டை என்று பெரியவன் தேடுவான். கண்டுபிடித்துவிடுவான். அப்புறம் புதுசாக ஒரு வேலி.

இங்கிலாந்தில் ஆஸ்டின் 7 என்று ஒரு ஏழைக் கார் இருந்தது. 1922-ல் வந்தது. பழைய ஆஸ்டின் 7-ஐ வாங்கி, வீட்டுக் கொட்டகையில் வைத்துப் பிரித்து, ரேஸ் காராக மாற்றி ஓட்டுகிற எளியவர்களுக்காக 750 மோட்டார் கிளப் ஒரு ஃபார்முலாவை உண்டாக்கியது. அதில் கலந்துகொள்ள வந்தார் காலின் சாப்மன் என்ற இளைஞர். 1951-ல் அவர் கொண்டுவந்த காரை யாராலும் நெருங்க முடியவில்லை. என்ஜினுக்குள் பெட்ரோல் கலவை போகிற பாதையை அவர் தந்திரமாகப் பிரித்திருந்தார். விதியில் ‘கூடாது’ என்று இல்லை. ஆகவே, விதியையே மாற்றி எழுதினார்கள்! சாப்மன் அலட்டிக்கொள்ளவில்லை. தன் காருக்கு லோட்டஸ் என்று பெயர் வைத்து, மேலே போய், ஃபார்முலா ஒன்னையே ஆண்டார்.

இத்தாலியில் கவுன்ட் லுரானி என்பவர் இன்னொரு வேலி போட்டார். பெயர் ஃபார்முலா ஜூனியர். என்ஜின் 1,100 சி.சி.க்கு மேல் போகக் கூடாது. அதுவும் ரோட்டில் ஓடுகிற சாதாரணக் காரின் என்ஜினாக இருக்க வேண்டும். ஆரம்பத்தில் ஜெயித்த கார்களில் இருந்தது ஃபியட் 1100 என்ஜின். ஆமாம், நம்ம ஊர் டாக்டர்களும் வக்கீல்களும் வெள்ளையடித்து வைத்திருந்த அதே ஃபியட் குடும்பம்தான்! ஆனால், இரண்டே வருஷத்தில் லோட்டஸும் கூப்பரும் உள்ளே புகுந்தன. கார் விலை ஏறியது. 1963-க்குப் பிறகு ஃபார்முலா ஜூனியரே இல்லை. 1967-ல் இங்கிலாந்தில் மறுபடியும் ஒரு முயற்சி. ஃபோர்டு கார்ட்டினா என்ஜின், சாதாரண ரோடு டயர், காரின் விலை 1,000 பவுண்டுக்குள். அதுதான் ஃபார்முலா ஃபோர்டு. பிரேசிலிலிருந்து வந்த அயர்ட்டன் சென்னா, 1981-ல் ஐரோப்பாவில் தன் கார் பந்தய வாழ்க்கையைத் தொடங்கியது அந்த எளிய கிளாஸில்தான்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

சென்னைக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டினால் சோழவரம். இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளம் ஒன்று, போர் முடிந்து அநாதையாகக் கிடந்தது. 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. ஓடுதளம் பந்தயக் களமானது. அடுத்த முப்பது வருஷங்களுக்கு மேல் சோழவரம் ரேஸ் என்றால் சென்னைக்கு ஒரு திருவிழா. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பிப் போனவர்கள் இன்றும் கண்கள் விரியப் பேசுகிறார்கள்.

அங்கே ஓடியவை என்ன கார்கள் என்று நினைக்கிறீர்கள்? வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்வது குதிரைக் கொம்பாக இருந்த காலம். இந்தியாவில் கிடைத்ததே மூன்று கார். 1,489 சி.சி. அம்பாஸடர், 1,089 சி.சி. ஃபியட், சென்னைக்குப் பக்கத்திலேயே தயாரான 948 சி.சி. ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதாவது பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான்! காலையில் குழந்தைகளை ஸ்கூலில் இறக்கிவிட்ட காரை, பம்பரைக் கழற்றி, சைலன்ஸரை மாற்றி, ராத்திரி முழுக்க மெக்கானிக் ஷெட்டில் குடைந்து, ரேஸுக்குக் கொண்டுவந்தார்கள். ரேஸ் முடிந்ததும் அதே காரில் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதால், கொஞ்சம் பார்த்துத்தான் ஓட்டியிருப்பார்கள்!

இன்னொரு பக்கம் பெரிய வீட்டுப் பிள்ளைகள். 1980-களில் விஜய் மல்லையா ‘என்சைன்’ என்ற நிஜமான ஃபார்முலா ஒன் காரையே சோழவரத்துக்குக் கொண்டுவந்து ஓட்டினார். கூட்டம் வாயைப் பிளந்தது. பிளக்காதா பின்னே? ஆனால், அந்தக் காரைப் பார்த்த ஒரு சாதாரண இளைஞனின் மனசில் என்ன ஓடியிருக்கும்? கைதட்டலாம், கனவு காணலாம். கலந்துகொள்ள முடியுமா?

அந்தக் கேள்விக்கு பதில் கோவையிலிருந்து வந்தது. பெயர் கரிவர்தன். சுருக்கமாக, கரி. நூற்பாலை நடத்தும் குடும்பம். வசதிக்குக் குறைவில்லை. அவர் நினைத்திருந்தால் வெளிநாட்டுக் கார் வாங்கி ஓட்டி, கோப்பைகளை அடுக்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால், அவர் பிறந்தது ஜி.டி.நாயுடுவின் ஊரில். வாங்குவதைவிட, செய்து பார்ப்பதில் ருசி கண்ட ஊர் அது. லேத் பட்டறையும் ஃபவுண்டரியும் இல்லாத தெருவைக் கோவையில் தேடத்தான் வேண்டும். கரி தானே ரேஸ் கார்களை வடிவமைத்துக் கட்டினார். அவருடைய ‘பிளாக் பியூட்டி’ சோழவரம் ரசிகர்களுக்குப் பரிச்சயமான பெயர்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. நாடு முழுக்க அதை ஃபேமிலி காராகப் பார்த்தது. கரி அதை வேறு மாதிரி பார்த்தார். உதிரி பாகம் எந்தத் தெருவிலும் கிடைக்கும். எந்த மெக்கானிக்குக்கும் அத்துப்படி. என்ஜின் சின்னது, செலவு குறைவு. இந்த என்ஜினையே வைத்து, ஒருவர் மட்டும் உட்காருகிற ரேஸ் காரை ஏன் செய்யக் கூடாது? எல்லோருக்கும் ஒரே கார். ஒரே என்ஜின். யாரிடம் அதிகப் பணம் என்று பார்க்காமல், யாருக்கு நன்றாக ஓட்ட வருகிறது என்று பார்க்கலாமே?

1988-ல் பிறந்தது ஃபார்முலா மாருதி.

கேட்டால் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால், இந்திய ரேஸ் சரித்திரத்தை அதற்கு முன், அதற்குப் பின் என்று பிரித்துவிடலாம். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் கிளப் தன் சொந்த டிராக்கைத் திறந்தது. நீளம் 3.7 கிலோ மீட்டர். கார் இருக்கிறது, களமும் இருக்கிறது. இனி ஆள்தானே வேண்டும்? வந்தார்கள். கோவையிலிருந்து 15 வயசுப் பையன் ஒருவன் வந்தான். அப்பா ஜி.ஆர்.கார்த்திகேயன், தென்னிந்திய ராலியில் பலமுறை வென்றவர். பையன் முதலில் உட்கார்ந்தது ஃபார்முலா மாருதியில். 13 வருஷம் கழித்து, 2005 மார்ச்சில், மெல்போர்ன் நகரில் ஜோர்டான் அணியின் காரில் ஏறி, ஃபார்முலா ஒன்னில் பங்கேற்ற முதல் இந்தியரானான். நரேன் கார்த்திகேயன்!

அதைப் பார்க்க கரி இல்லை. 1995-ல் ஒரு சிறு விமான விபத்தில் அவர் இறந்துபோனார். 2003-ல் கோவை செட்டிபாளையத்தில் ஒரு டிராக் திறக்கப்பட்டது. கட்டியவர் பி.விஜயகுமார். அதற்கு அவர் வைத்த பெயர், கரி மோட்டார் ஸ்பீட்வே. ‘நம் குரு’ என்று கோவை ரேஸ்காரர்கள் செலுத்திய மரியாதை அது. இன்றும் புதியவர்கள் கற்றுக்கொள்கிற ஃபார்முலா எல்.ஜி.பி. கார்கள், கரியின் அதே தத்துவத்தில் பிறந்தவை. மாருதி சுஸுகியின் 1,300 சி.சி. என்ஜின், எல்லோருக்கும் ஒரே மாதிரி கார்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு 24 வயசு. மாசச் சம்பளம். கார் என்றால் உயிர். எந்தக் கிளாஸைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

பெரும்பாலானவர்கள் காரின் விலையைக் கேட்டு முடிவெடுப்பார்கள். மாட்டுக்காரர் அப்படிச் செய்யமாட்டார். மாட்டு விலை ஒருநாள் செலவு, தீனிச் செலவு தினசரிச் செலவு என்று அவருக்குத் தெரியும். ரேஸ் காருக்கு டயர்தான் தீனி. ஒரு ரேஸ் வாரத்தில் எத்தனை டயர் தேயும்? என்ஜினை எத்தனை ரேஸுக்கு ஒருமுறை பிரித்துக் கட்ட வேண்டும்? இடித்துவிட்டால் பாகம் கோவையில் கிடைக்குமா, ஜெர்மனியிலிருந்து வரவேண்டுமா? காரை டிராக்குக்கு ஏற்றிச்செல்ல வண்டி? கூட ஒரு மெக்கானிக்? கிளாஸின் உண்மையான விலை இந்தக் கேள்விகளின் கூட்டுத்தொகை.

அடுத்து, அந்தக் கிளாஸில் எத்தனை கார் ஓடுகிறது? மூன்றே கார் ஓடுகிற கிளாஸில் சேர்ந்தால், கடைசியாக வந்தாலும் மூன்றாம் பரிசு நிச்சயம். அலமாரிக்கு அழகு. ஆனால், ஓட்டக் கற்றுக்கொள்ள முடியாது. இருபது கார் நெருக்கியடிக்கிற கிளாஸில் பன்னிரண்டாவதாக வருகிறவனுக்கு முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன், பக்கத்தில் ஒருவன். பாடம் அங்கேதான் இருக்கிறது.

மூன்றாவதாக, ரோட்டுக் காரை மாற்றி ஓட்டுவதா, எல்லோருக்கும் ஒரே கார் என்கிற கிளாஸா? முதல் வகையில், காரைக் குடைந்து பார்க்கிற ருசி உண்டு. கை நிறைய கிரீஸ், மனசு நிறையச் சந்தோஷம். ஆனால், அங்கே நல்ல ட்யூனர் கிடைத்தவன் முந்துவான். நல்ல ட்யூனர் காசு உள்ள பக்கம் போவான். இரண்டாவது வகையில் ‘கார் சரியில்லை’ என்ற சாக்கு எடுபடாது. தோற்றால் காரணம் கண்ணாடியில் தெரியும்! ஃபோக்ஸ்வேகன் கம்பெனி 2010-ல் இங்கே தொடங்கிய போலோ கப் அந்த ரகம். காரைக் கம்பெனியே தயார் செய்து நிறுத்தும். நீங்கள் கட்டணம் கட்டி, ஹெல்மெட்டோடு வந்தால் போதும். ஐரோப்பாவில் வெகுகாலமாக உள்ள வழக்கம் இது.

எந்த வகையானாலும், வேலி பலமாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ரேஸ் முடிந்ததும் ஜெயித்த காரைத் தனியாக நிறுத்தி எடை பார்க்கிறார்களா? என்ஜினுக்கு சீல் உண்டா? சந்தேகம் வந்தால் பிரித்துப் பார்க்கிறார்களா? பெரிய மாட்டை நடுமாடு என்று கொண்டுவந்து நிறுத்தினால் ஊரே கூடி நியாயம் கேட்கும். அப்படிக் கேட்க ஆள் இல்லாத கிளாஸில் உங்கள் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். சாப்மன்களும் லோட்டஸ்களும் எல்லாக் காலத்திலும் உண்டு. எந்த மலிவான கிளாஸும் ரொம்ப நாள் மலிவாக இருந்ததாகச் சரித்திரம் இல்லை. கார்ட்டிங்கிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு மலிவான முதல் படியாக இருக்கட்டும் என்றுதான் 2014-ல் உலகளவில் ஃபார்முலா 4 தொடங்கப்பட்டது. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவு விளக்கு வெளிச்சத்தில் ஓடினவே, அந்தக் கார்கள்தான். இன்று ஒரு நடுத்தரக் குடும்பத்து அப்பாவிடம் அதன் ஒரு சீசன் செலவைச் சொல்லிப் பாருங்கள். அப்படியே உட்கார்ந்துவிடுவார்!

கடைசியாக ஒரு கிளாஸ் பாக்கி இருக்கிறது. அதைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். பேராவூரணியிலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போனால் சேதுபாவாசத்திரம். அந்த வழியாகத்தான் கிழக்குக் கடற்கரைச் சாலை போகிறது. சென்னைப் பக்கம் அதே சாலையில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் பைக்கிலும் காரிலும் ‘ரேஸ்’ விடுகிற பிள்ளைகளைப் பற்றி அவ்வப்போது செய்தி வரும். கூடவே போட்டோவும் வரும், மாலை போட்டு. அதற்கு லைசென்ஸ் வேண்டாம், கட்டணம் இல்லை, டயர் கணக்கு பார்க்க வேண்டாம். பிரிவும் கிடையாது. 200 சி.சி.யும் 1,000 சி.சி.யும் ஒரே கோட்டில். எதிரே காய்கறி ஏற்றி வருகிற லாரி. பாரிஸ்-மாட்ரிட் ரேஸில் நடந்தது 1903-லேயே போதும் என்று உலகம் முடிவு செய்துவிட்டது. மாட்டுவண்டி ஓடும்போதுகூட, பேராவூரணியில் போலீஸ் நின்று ரோட்டை மறிக்கிறது!

இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பு தருகிற லைசென்ஸ், ஒரு பயிற்சிப் பள்ளி, தீப்பிடிக்காத உடுப்பு, நல்ல ஹெல்மெட். இவ்வளவோடு இருங்காட்டுக்கோட்டைக்கோ செட்டிபாளையத்துக்கோ போய், உங்கள் கைக்கு எட்டுகிற மிகச் சின்ன கிளாஸில் ஆரம்பியுங்கள். சின்ன கிளாஸ் என்று கூச்சப்பட வேண்டாம். ஃபார்முலா ஒன் வரை போனவர் 796 சி.சி.யில்தான் தொடங்கினார்.

பூஞ்சிட்டுப் பிரிவில் ஜெயித்த சாரதிக்கும் ஊர் கூடி மாலை போடுகிறது. ‘பெரிய மாட்டோட ஓடியிருந்தா தெரிஞ்சிருக்கும் சேதி’ என்று அங்கே யாரும் முணுமுணுப்பதில்லை. அவர் எந்தப் பிரிவில் ஓடினார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிரிவில் அவரை முந்த ஆள் இல்லை என்பதும் தெரியும்.

ஆகவே, நோட்டீஸில் முதலில் பிரிவைப் பாருங்கள். பரிசை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.